வளருகிற பிள்ளைக்கு வாங்கியது

பெப்ரவரி 1, ஞாயிறு

இந்தக் கொப்பி என்னுடையது அல்ல. மகள் சாரு வேலை செய்த மருந்துக்கடையில் கொடுத்த நாட்குறிப்பு. ஜனவரி 24 வரை அவளுடைய எழுத்து. அந்தத் தேதியில் "ஆரணி, 6.40 ரயில்" என்று மட்டும் இருக்கிறது. மிச்சம் முழுக்க வெறும் தாள். நல்ல தாளை எறிய எனக்கு மனம் வராது. அதனால் எழுதுகிறேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலை பனிமலையில் ஸ்கீப் பலகையில் ஓடும்போது விழுந்து, ஓரத்தில் வலை கட்டியிருந்த கம்பத்தில் அடிபட்டாள். ஹெலிகொப்டர் வந்தது. ஒன்றும் செய்ய முடியவில்லை. அவளுக்கு இருபத்திரண்டு வயது.

நேற்று எட்டாம் நாள், எட்டுச் செலவு. புட்டு, றால் பொரியல், கணவாய்க் கறி, அதோடு சீஸ் போட்ட மக்கரோனியும் வைத்துப் படைத்தேன். "மக்கரோனியெல்லாம் படைக்கிறதோ?" என்று ஒருத்தி கேட்டாள். "என்ர பிள்ளை அதைத்தான் தின்னும். உமக்குப் புட்டிருக்கு, சாப்பிடும்" என்றேன். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

எல்லோரும் போனபிறகு சாருவின் சிநேகிதி ஆரணி வந்து வாசலில் நின்றாள். கையில் போர்வையில் சுற்றிய நீளமான ஏதோ ஒன்று. பூவாக இருக்கும், படமாக இருக்கும், எனக்கென்ன. "அன்ரி" என்றாள். கதவைச் சாத்திவிட்டேன். சாருவை அந்த மலைக்குக் கூட்டிக்கொண்டு போனது அவள்தானே. தான் மட்டும் திரும்பி வந்தாள்.

பெப்ரவரி 3, செவ்வாய்

ஐயர் தொலைபேசி எடுத்தார். இருபத்துமூன்றாம் தேதி முப்பத்தோராம் நாள். தானத்துக்குக் குடை, செருப்பு, பாய், தலையணை, போர்வை, குடம், விளக்கு. "பிள்ளை ஆசைப்பட்ட சாமான் ஏதும் இருந்தா அதையும் வையுங்கோ அம்மா. தானம் வாங்கினவன் பாவிக்கப் பாவிக்க அது அங்க போய்ச் சேரும்" என்றார்.

தொலைபேசியை வைத்த கையோடு முடிவெடுத்துவிட்டேன். குடையும் பாயும் என் பிள்ளைக்கு எதற்கு? ஒரு சோடி ஸ்கீ வாங்கப் போகிறேன். சரியான ஸ்கீ. அவளுடைய உயரத்துக்கு, அவள் ஓடும் விதத்துக்கு.

இவரிடம் சொன்னேன். "உனக்கென்ன விசரே?" என்றுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

பெப்ரவரி 5, வியாழன்

நாங்கள் இருக்கிற தூண் நகரத்தில் வாங்கினால் நாளைக்கே எல்லாத் தமிழரும் கதைப்பார்கள். செத்தவீட்டுத் துடக்குக்குள் கடைக்குப் போனாள் என்று வேறு சொல்வார்கள். எனவே ஒரு ரயில், இரண்டு பஸ் மாறி, வேறொரு பள்ளத்தாக்கில் இருக்கும் ஸ்கீக் கடைக்குப் போனேன். கடைக்காரி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். பின்னால் பட்டறையிலிருந்து மெழுகு பிடித்த ஏப்ரனோடு வந்தவர் நம்மவர்! எங்கே போனாலும் ஒரு தமிழன்!

பெயர் குணேஸ். பதினெட்டு வருடமாக அங்கே ஸ்கீக்கு மெழுகு போடுகிறார், விளிம்பு தீட்டுகிறார்.

"ஆருக்கு அக்கா?"

"மகளுக்கு."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு துண்டுத் தாள் எடுத்தார்.

"உயரம்?"

"நூற்றைம்பத்தெட்டு."

"நிறை?"

"ஐம்பத்திநாலு."

"எங்க ஓடுவா? காட்டுக்குள்ள, ஆழப் பனியிலயோ, இல்லாட்டி மெசின் போட்டு மட்டமாக்கின சரிவிலயோ?"

"மட்டமாக்கின சரிவிலதான். நல்ல வேகமா ஓடுவா."

"அப்ப நடு ஒடுங்கின, இறுக்கமான ஸ்கீ வேணும். அதிலயும் ரெண்டு விதம். சின்னச் சின்னதா வெட்டி வெட்டித் திரும்பிறவைக்கு ஒண்டு, நீட்டாப் பெரிய வளைவு எடுக்கிறவைக்கு ஒண்டு. மகள் எப்பிடித் திரும்புவா?"

எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடமாக அவள் மலைக்குப் போய் வந்தாள். நான் உடுப்புத் தோய்த்தேன், சாப்பாடு கட்டிக் கொடுத்தேன், ஏன் பிந்தினாய் என்று ஏசினேன். அவள் ஓடியதை ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். யாரிடம் கேட்பது?

"ஓடுவா" என்றுதான் சொன்னேன். பஸ்ஸில் வரும்போதுதான் அது எனக்கே உறைத்தது. போகட்டும், அந்நிய மனிதனுக்கு எல்லாம் சொல்ல வேண்டுமா?

பெப்ரவரி 6, வெள்ளி

வேலைக்குத் திரும்பினேன். முதியோர் இல்லத்துச் சலவை அறை. நூற்றுப்பத்துத் தலையணை உறை அழுத்தினேன்.

பெப்ரவரி 8, ஞாயிறு

எழுதித்தான் ஆகவேண்டும்.

சாருவுக்குப் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தில் பழைய ஸ்கீச் சந்தை போட்டார்கள். அவளோடு போனேன். நல்ல நீலநிறச் சோடி ஒன்று, கீறலே இல்லை. நூற்றெழுபத்திரண்டு சென்ரிமீற்றர். அங்கே நின்ற சுவிஸ்காரி, "இவளுக்கு இது நீளம், அகலமும் கூட" என்றாள். சாருவும் "அம்மா, எனக்கு மேலால நிக்குது" என்றாள். நான் என்ன சொன்னேன்? "வளர்ற பிள்ளை, ரெண்டு வருசத்தில சரியா வரும்."

சட்டையும் சப்பாத்தும் அப்படித்தான் வாங்கினேன். முனையில் பஞ்சு அடைத்துப் போட்டாள். நானும் அப்படி வளர்ந்தவள்தான். இதில் என்ன பிழை?

அவள் வளரவில்லை. பதினாறிலும் நூற்றைம்பத்தெட்டு, இருபத்திரண்டிலும் நூற்றைம்பத்தெட்டு. இரண்டு மூன்று தரம் "அம்மா, ஸ்கீ மாத்தவேணும்" என்றாள். "நல்லாத்தானே கிடக்கு" என்றேன்.

பொலிஸ்காரர் திருப்பித் தந்த ஸ்கீப் பை கீழே நிலவறையில் இருக்கிறது. இவர் பூட்டி வைத்திருக்கிறார். நான் திறக்கவில்லை.

நீளமான ஸ்கீ, வேகத்தில் திருப்ப முடியாமல் போனால் என்ன நடக்கும்? இதை யாராவது எனக்குச் சொல்ல வேண்டும்.

பெப்ரவரி 10, செவ்வாய்

இவருடைய தொலைபேசியில் ஒரு வீடியோ இருக்கிறதாம். போன வருடம் சாரு அனுப்பியது. எனக்கு அனுப்பவில்லை. "உனக்கு அனுப்பினா நீ ஏசுவாய் எண்டுதான்" என்றார். உண்மைதான், ஏசியிருப்பேன்.

நாற்பத்தொரு விநாடி. மஞ்சள் தொப்பி. மேலே சிறு புள்ளியாகத் தொடங்கி, வெட்டி வெட்டித் திரும்பி வருகிறாள். எண்ணினேன். இருபத்தாறு திருப்பம். கடைசியில் கமராவுக்கு முன்னால் பனியை அள்ளி எறிந்து நின்று சிரிக்கிறாள். ஆரணியின் குரல் கேட்கிறது: "சூப்பர் சாரு!"

என் பிள்ளை இவ்வளவு கெட்டிக்காரி என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே. நான் கேட்டால்தானே சொல்வார்கள்.

இவர் எழுந்து போய்க் குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார். கழுவ அங்கே ஒரு கோப்பைகூட இருக்கவில்லை.

பெப்ரவரி 12, வியாழன்

வீடியோவைக் குணேஸிடம் காட்டினேன். மூன்று தரம் பார்த்தார்.

"சின்னத் திருப்பம்தான் அக்கா. வலது காலில நல்ல நம்பிக்கை. இடதில கொஞ்சம் யோசிக்கிறா."

ஏழு வயதில் படியில் விழுந்து முறித்தது இடது கால்தான். அது எப்படி அவருக்குத் தெரியும்! ஓடுவதைப் பார்த்தாலே தெரியுமாம்.

பிறகு நான்கு சோடி எடுத்து வைத்து விளக்கினார். உயரம் மூக்குக்கும் நெற்றிக்கும் இடையில் நிற்க வேண்டும். அவளுக்கு நூற்றைம்பது. நடு இடுப்பு அறுபத்தாறு மில்லிமீற்றர். இடுப்பு ஒடுங்க ஒடுங்க ஒரு விளிம்பிலிருந்து மற்ற விளிம்புக்குக் கெதியாக மாறலாம். உள்ளே உலோகத் தகடு இருந்தால் வேகத்தில் நடுங்காது. இரண்டு ஸ்கீயையும் அடியோடு அடி சேர்த்துப் பிடித்தால் நடுவில் இடைவெளி தெரியும், அமுக்கினால் வில் மாதிரித் திமிற வேண்டும். என்னை அமுக்கிப் பார்க்கச் சொன்னார். நாளெல்லாம் சலவைப் பெட்டி பிடிக்கிற கை, ஆனாலும் லேசில் மசியவில்லை. கறுப்பும் சிவப்புமாக ஒரு சோடியைத் தெரிவு செய்தேன். எனக்கு அது பிடித்துவிட்டது, அதுதான் வெட்கம்.

சப்பாத்தின் அடி நீளம் கேட்டார். ஆஸ்பத்திரியில் தந்த பையில் சப்பாத்து இருந்தது, பார்த்து எழுதிக்கொண்டு போயிருந்தேன். "அதை வைச்சுத்தான் சப்பாத்தைப் பிடிக்கிற பூட்டை அளவாக்கிறது. விழேக்க பூட்டு திறந்து காலை விடவேணும்" என்றார்.

வெளிக்கிடும்போது கேட்டேன். "தம்பி, இதே உயரத்துப் பிள்ளை நூற்றெழுபத்திரண்டில, அகலமான ஸ்கீயில ஓடினா, இறுகின பனியில அது வழுக்குமோ?"

துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "சாமானைப் பாக்காம நான் ஒண்டும் சொல்லேலாது அக்கா. கொண்டு வாங்கோ. பாத்திட்டு உள்ளதைச் சொல்லுறன்."

பெப்ரவரி 13, வெள்ளி

இந்தப் பக்கத்தில் சாரு முன்பே எழுதி வைத்திருக்கிறாள்: "பல் டொக்டர் 10.15." பக்கத்தில் அழுகிற முகம் ஒன்று கீறியிருக்கிறாள்.

தொலைபேசியில் கூப்பிட்டு, வரமாட்டா என்று சொல்லப் போனேன். "வேறு தேதி வேண்டுமா?" என்று கேட்டாள் அந்தப் பெண். ஏப்ரல் ஒன்பது என்று எடுத்துக்கொண்டு வைத்துவிட்டேன். என்ன பைத்தியக்காரி நான்.

பெப்ரவரி 16, திங்கள்

நிலவறைத் திறப்பைக் கேட்டேன். இவர் தரவில்லை. பெரிய சண்டை. இருபத்தாறு வருடத்தில் இவர் என்னோடு சத்தம் போட்டது இன்றைக்குத்தான்.

"அதைக் கொண்டுபோய்ப் பாத்து என்ன செய்யப்போறாய்? பிள்ளை வருமே?"

"எனக்குத் தெரியவேணும்."

"என்ன தெரியவேணும்?"

"நான் வாங்கிக் குடுத்ததாலயோ எண்டு."

சொல்லிவிட்டேன். இவர் கதிரையில் இருந்தார். "அண்டைக்குச் சந்தைக்கு நானும்தான் காசு தந்து விட்டனான்" என்றார். பிறகு திறப்பை மேசையில் வைத்தார்.

பெப்ரவரி 18, புதன்

பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலில் போனேன். பள்ளிக்கூடங்களுக்குக் குளிர்கால விளையாட்டு விடுமுறை. பெட்டி நிறையச் சிறுவர்கள், ஸ்கீகள். ஒரு கிழவர் என் பையைப் பார்த்து, "இன்றைக்கு நல்ல வெயில், நன்றாக ஓடுங்கள்" என்றார். நன்றி சொன்னேன்.

குணேஸ் பையை மேசையில் கிடத்தி ஜிப்பை இழுத்துத் திறந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, இது நூற்றெழுபத்திரண்டு இல்லை."

திரும்பினேன். நீலம் இல்லை. கறுப்பும் சிவப்பும். அவர் எனக்காகத் தயாராக்கி வைத்திருந்த புதுச் சோடியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினார். ஒரே உயரம், ஒரே இடுப்பு. அதே ஸ்கீ. வால்பக்கத்தில் 150 என்று அடித்திருந்தது. முனையில் வெள்ளை எழுத்தில் ஒரு பெயர்: ஆரணி.

குணேஸ் நான் இருக்க ஒரு வாங்கு இழுத்துப் போட்டார். பிறகு நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். விளிம்பில் விரலை ஓட்டினார், பூட்டில் உள்ள இலக்கத்தைப் பார்த்துத் தன் துண்டுத் தாளோடு ஒப்பிட்டார்.

"விளிம்பு கத்தி மாதிரி இருக்கு. பூட்டு சாருவின்ர நிறைக்கும் சப்பாத்துக்கும் சரியாத்தான் நிக்குது, விழேக்க ரெண்டும் திறந்திருக்குமெண்டுதான் நினைக்கிறன். காலில முறிவு இருந்ததே?"

"இல்லை. தலையிலதான்."

"அப்ப திறந்திருக்கு. ஸ்கீயில ஒரு பிழையும் இல்லை அக்கா."

அப்போதுதான் விளங்கியது. மகளின் பெயரை நான் அவருக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

"மரண அறிவித்தல் பாத்தனான்" என்றார், தலையைக் குனிந்துகொண்டு. "நீங்கள் வாசலுக்குள்ள வரேக்கையே தெரியும். அவ உங்கட சாயல்தானே."

"அப்ப ஏன் தம்பி ஒண்டும் சொல்லேல்லை?"

"நீங்கள் 'ஓடுவா' எண்டீங்கள். நான் என்னெண்டு மாத்திச் சொல்லுறது?"

ஏன் விழுந்தாள் என்று கேட்டேன். காலைப் பனி இறுகிக் கிடந்திருக்கும் என்றார். நல்ல ஸ்கீயில், நன்றாக ஓடுகிற பிள்ளையும் சில நேரம் விழும் என்றார். அதற்கு மேல் தனக்குத் தெரியாது என்றார்.

மூன்று கிழமையாக என் மேல் இருந்த பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. பிழை ஒன்றும் இல்லையென்றால் நான் யாரோடு கோபிப்பது? என்னோடும் கோபிக்க முடியாது, ஆரணியோடும் முடியாது. வெறும் சாவு மட்டும்தான் மிச்சம்.

பெப்ரவரி 20, வெள்ளி

ஆரணி வீட்டுக்குப் போனேன். தாய் கதவைத் திறந்து, என்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். நடையில் அந்தப் போர்வைச் சுற்று சாத்தியிருந்தது. ஒரு முனையால் நீலம் தெரிந்தது. அன்றைக்கு இதைத்தான் என் வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். நான் முகத்தில் கதவை அடித்தேன்.

பிள்ளை பாதியாகிப் போயிருந்தாள். கட்டிலில் சுருண்டு கிடந்தவள் எழும்பி, நான் ஒரு வார்த்தை சொல்லமுதல், "என்ர ஸ்கீயாலதான் அன்ரி" என்றாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி. நான்தான் குடுத்தது. ஒருக்கா மாத்தி ஓடிப் பாப்பம் எண்டு சாரு கேட்டவ. முதல் தரம் கீழ வந்து நல்லாச் சிரிச்சவ. 'நினைச்ச இடத்தில திரும்புது ஆரணி, இவ்வளவு நாளும் நான் என்னத்தில ஓடினனான்?' எண்டு கேட்டவ. இன்னும் ஒரேயொருக்கா எண்டு மேல போனவ. நான் ஓமெண்டு சொன்னனான். நான் ஓமெண்டு சொன்னனான் அன்ரி."

பக்கத்தில் இருந்து தலையைப் பிடித்து மடியில் வைத்தேன். "மொக்குப் பிள்ளை. ஸ்கீயில பிழையில்லை. பாத்தவர் சொன்னவர். உன்னிலயும் பிழையில்லை." ஏசுகிற குரலில்தான் சொன்னேன், எனக்கு வேறு குரல் வராது. அவள் அழுத கண்ணீர் என் சேலையை நனைத்துத் தொடைக்கு ஊறியது. நானும் அழுதேன். முப்பதுக்கு மேல் ஆட்கள் வந்த செத்தவீட்டில் நான் அழவில்லை.

பிறகு கேட்டேன், கேட்காமல் இருந்திருக்கலாம். "உழைக்கிற பிள்ளைதானே, ஏன் தானா ஒரு சோடி வாங்கேல்லை?"

ஆரணி மூக்கைத் துடைத்தாள். "நானும் கேட்டனான். 'அம்மா நான் இன்னும் வளருவன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா, பாவம், அவவின்ர மனதைக் கெடுக்கக் கூடாது' எண்டு சொல்லிச் சிரிக்கிறவ."

பெப்ரவரி 23, திங்கள்

முப்பத்தோராம் நாள். குடை, செருப்பு, பாய், குடம் வரிசையில் கடைசியாகக் கறுப்பும் சிவப்புமாகப் புதுச் சோடி. பூட்டு சாருவின் அளவுக்கு.

ஐயர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மா, கோவிக்கக் கூடாது. பாவிச்சாத்தான் போய்ச் சேரும் எண்டு நான்தான் சொன்னனான். ஆனா நான் இதில ஏறினா, நேரா நானே பிள்ளையிட்டப் போய்ச் சேர்ந்திடுவன்."

இவர் சிரித்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு, அது பாதியில் வேறாக மாறிவிட்டது.

"பாவிக்கக்கூடிய ஆருக்கும் குடுக்கலாமோ ஐயா?"

"தாராளமா."

பின்வரிசையில் தாயோடு நின்ற ஆரணியைக் கூப்பிட்டேன். தலையை ஆட்டினாள். "வேண்டாம் அன்ரி. நான் இனி ஓடமாட்டன். சத்தியமா மாட்டன்."

"நீ ஓடாட்டி அது அவளுக்குப் போய்ச் சேராது" என்றேன். "அவள் ரெண்டு தரம்தான் நல்ல ஸ்கீயில ஓடினவள். காணாது. பிடி."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெற்றிலையும் பாக்கும் வைத்து, ஐயர் சொன்ன மந்திரத்தைச் சொல்லி, தண்ணீர் விட்டுக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினாள். குழந்தையைப் பிடிப்பது மாதிரித்தான் பிடித்தாள்.

மார்ச் 14, சனி

காலை ஆரணியின் செய்தி: "அன்ரி, 6.40 ரயில். போயிட்டு வாறன்." பயமில்லையென்று எழுதமாட்டேன். வேலை இல்லாத நாளில் வீட்டில் இருந்த திரைச்சீலை முழுவதையும் தோய்த்தேன். பன்னிரண்டு பத்துக்கு அழைத்தாள்.

"கீழ வந்திட்டன் அன்ரி."

"எத்தினை தரம்?"

"மூண்டு."

"எப்பிடி இருந்தது?"

"நினைச்ச இடத்தில திரும்புது அன்ரி."

சரி, சாப்பிட்டுவிட்டு வா என்று வைத்தேன்.

நீலச் சோடி இப்போது சாருவின் அறையில் இருக்கிறது. கதவோரம், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பென்சிலால் உயரம் குறித்த இடத்தில் நிறுத்தினேன். கடைசிக் கோடு நூற்றைம்பத்தெட்டு. அதற்கு மேல் ஸ்கீயின் முனை வரை பதினாலு சென்ரிமீற்றர் வெறும் சுவர். அந்த முனை என் தலைக்கு மேலே நின்றதால் கதிரையில் ஏறி நின்று தூசி துடைத்தேன்.